தொலைச்சேவையும் பொதுமுகவரியும்: திருக்கோணமலைத் துறைமுகத்தை முன்னிட்டு ஒரு வரலாற்று நோக்கு

கோணேசப் பெருமான் கோயில் கொண்ட குன்றின் அருகே விரிந்து கிடக்கும் திருக்கோணமலைத் துறைமுகம், உலகின் இயற்கைத் துறைமுகங்களுள் தலைசிறந்தவற்றுள் ஒன்று எனப் போற்றப்படுவது. அதனை நாடி வந்தோர் பலர். ஆதலின் அதற்கு வழங்கிய பெயர்களும் பல. பாளி நூல்கள் கோகர்ணம் என்னும் பெயரின் திரிபால் அதனைக் குறித்தன. சம்பந்தர் தேவாரம் கோணமாமலை என்றது. போர்த்துக்கேயரும், ஒல்லாந்தரும், பிரெஞ்சுக்காரரும், ஆங்கிலேயரும் தத்தம் நாவிற்கு இயைந்தவாறு அப்பெயரைத் திரித்து வழங்கினர். துறைமுகத்தினுள்ளும் இதே கதைதான். ஒஸ்தன்பேர்க் என்பது ஒல்லாந்தர் விட்டுச் சென்ற பெயர். 1803இல் பிரெடெரிக் கோட்டை எனப் பெயர் மாற்றப்பெற்றது ஆங்கிலேயர் செயல். சீனக்குடா, கொட்டியாரக்குடா, தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் என்பன மக்கள் வழக்கு. ஓர் இடத்திற்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த இப்பெயர்களைத் துறைமுகத்தின் வரலாறாகவே படித்துவிடலாம்.

பெயர் பலவாதல் புலவர்க்கு இன்பம் தரலாம். ஆயின், கடலில் நின்று கரையை அழைக்க வேண்டிய மாலுமிக்கு அது இன்பம் தருவதன்று. தொலைவில் உள்ள ஒருவரிடம் ஒரு பணியை வேண்டுவோன், அப்பணி எப்பெயரால் அழைக்கப்படுமென்பதை அழைக்கப்படுவோனோடு முன்னரே ஒத்திருத்தல் வேண்டும். இந்த உடன்பாட்டினை எங்கே எழுதி வைப்பது, யார் காப்பது, மாற்ற நேரின் எவ்வாறு மாற்றுவது என்னும் வினாக்கள், கொடிக்கம்பத்துக் காலம் முதல் கணினிக் காலம் வரை ஒரே தன்மையனவாய் வந்துகொண்டிருக்கின்றன. பல கூறுகளாக அமைந்த வலைச்செயலி ஒன்றில், தொலைச்சேவைகளின் முகவரிகளை அக்கூறுகள் யாவும் பொதுவாகக் கொள்ளும் வண்ணம் வகுத்தல் எங்ஙனம் என்பது இன்றைய நிரலாளர் எதிர்கொள்ளும் சிக்கல். அதன் முற்பிறப்பைத் துறைமுகத்திற் காணலாம்.

கடற்குறி நூல்களின் வரலாறு இவ்வகையிற் சுவை மிக்கது. 1795இல் ஆங்கிலேயர் திருக்கோணமலையைக் கைப்பற்றிய காலத்தில், அவர்தம் கடற்படை கொடிகளாலேயே பேசிற்று. சேர் ஹோம் பொப்பம் என்னும் கடற்படை அதிகாரி தொகுத்த சொற்குறி நூல், சொற்களுக்கும் தொடர்களுக்கும் எண்ணிட்டு, அவ்வெண்களைக் கொடிகளாற் காட்டும் முறையைப் பரப்பியது. 1805இல் திரபல்கார் போரில் நெல்சன் காட்டிய புகழ் பெற்ற செய்தியும் இம்முறையில் அமைந்ததே. இம்முறையின் நுட்பம் யாதெனின், கொடி வேறு, எண் வேறு, எண் சுட்டும் பொருள் வேறு என மூன்றையும் பிரித்து வைத்தமையாம். 1803இல் ரெட்பிரிட்ஜ் என்னும் சிறு கப்பல் பிரெஞ்சுக்காரர் கையிற் சிக்கி, அதனோடு குறிநூலும் பகைவர் வசமாயிற்று. கடற்படைத் தலைமையகம் நூல் முழுவதையும் புதிதாக எழுதவில்லை. எந்தக் கொடி எந்த எண்ணைக் குறிக்கும் என்பதை மட்டும் மாற்றிற்று. எண்ணும் பொருளும் முன்போலவே நின்றன. பிரித்து வைத்தலின் பயன் இவ்வொரு நிகழ்ச்சியால் நன்கு விளங்கும்.

எனினும், மாற்றம் எத்துணைச் சிறியதாயினும், நூலை வைத்திருக்கும் கப்பல் ஒவ்வொன்றுக்கும் அது போய்ச் சேர்தல் வேண்டும். இலண்டனிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கீழைக்கடலுக்கு ஓலை வந்து சேர மாதங்கள் பல கழியும் காலம் அது. அவ்விடைக்காலத்தில் பழைய நூலுடைய கப்பலும் புதிய நூலுடைய கப்பலும் ஒன்றையொன்று சந்திப்பின், இரண்டும் தத்தம் நூலின்படி சரியாகவே கொடியேற்றும். ஆயினும் செய்தி பிழைபடும். பொதுநூல் என்பது ஒற்றுமைக்குக் கருவியாவது போலவே, அதன் பதிப்புகள் வேறுபடுமிடத்துக் குழப்பத்திற்கும் கருவியாகின்றது. இவ்வுண்மை பின்னரும் வந்து நிற்கும்.

வணிகக் கப்பல்களுக்கென 1857இல் ஆங்கிலேய அரசு வெளியிட்ட குறிநூலே பின்னர் அனைத்துலகக் குறிநூலாக வளர்ந்தது. 1965இல் திருத்தி ஏற்கப்பெற்று, 1969இல் நடைமுறைக்கு வந்த பதிப்பு ஒன்பது மொழிகளில் அமைந்தது. அதன்படி 'ஜி' என்னும் எழுத்துக்குரிய கொடி, கப்பலுக்கு வழிகாட்டி வேண்டும் என்பதைக் குறிக்கும். 'டபிள்யூ' மருத்துவ உதவி வேண்டும் என்பதைக் குறிக்கும். 'கியூ' என்பது, கப்பலில் நோயில்லை, துறைமுகத்தோடு தொடர்பு கொள்ள அனுமதி வேண்டும் என்பதாம். கொடியேற்றும் தலைவன் கிரேக்கனாயினும் யப்பானியனாயினும், கரையில் நின்று நோக்குவோன் தமிழனாயினும் சிங்களவனாயினும், வேண்டப்படும் பணி எதுவென்பதில் ஐயமில்லை. வேண்டுவோனுக்கு வழிகாட்டியின் பெயரோ, அவர் இல்லம் எத்தெருவில் உள்ளதென்பதோ தெரிய வேண்டுவதில்லை. இக்காலத்தார் தொலைச்சேவை எனக் கூறுவதன் இலக்கணம் இதுவே.

தந்தி வந்தபின் முகவரிக்கு இன்னொரு நயம் வாய்த்தது. வணிக நிலையங்கள் ஒற்றைச் சொல்லால் ஆகிய தந்தி முகவரியைத் தந்திக் கந்தோரிற் பதிந்து வைத்தன. நிலையம் ஒரு தெருவிலிருந்து வேறொரு தெருவுக்குப் பெயர்ந்தாலும், அதனோடு வாணிகம் செய்வோர் அனைவரும் தம் கணக்கேடுகளைத் திருத்த வேண்டுவதில்லை. தந்திக் கந்தோரில் உள்ள ஒரு பதிவைத் திருத்தினாற் போதும். பின்னர்க் கம்பியில்லாத் தந்தி பரவிய பொழுது, 1912இல் இலண்டனிற் கூடிய மாநாடு நாடுகளுக்கு அழைப்புக்குறி முன்னெழுத்துகளைப் பகிர்ந்தளித்தது. இன்று இலங்கை நிலையங்கள் '4பி' முதல் '4எஸ்' வரையான முன்குறிகளை உடையன. முன்னெழுத்து நாட்டைக் காட்டும். பின்னெழுத்து நிலையத்தைக் காட்டும். முன்பகுதியை உலக அவை வகுக்க, பின்பகுதியை அந்தந்த நாடு வகுக்கும். அதிகாரத்தை இவ்வாறு படிப்படியாகப் பகிர்தலே பின்னர் வந்த இணைய முகவரிக்கும் அடிப்படையாயிற்று.

ஈண்டு ஒன்று குறிப்பிடத்தக்கது. முகவரி சரியாக அமைதல் வேறு, பணி உரிய காலத்திற் கிடைத்தல் வேறு. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருக்கோணமலையைத் தாக்கின. அன்று மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் ஹேர்மீஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் தாக்குண்டது. விமானக் காப்புக்கான அழைப்பு எழுந்தது. ஆயின், காப்பு விமானங்கள் வந்தெய்து முன்னர்க் கப்பல் மூழ்கிவிட்டது. அதில் மாண்டோர் 307 பேர். தொலைச்சேவையை நம்பியிருப்போன், அது மறுமொழி தராத வேளையில் தான் செய்வது யாது என்பதையும் எண்ணி வைத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று இத்துறைமுக வரலாற்றில் இல்லை. 1957ஆம் ஆண்டு ஒற்றோபர் 15ஆம் நாள் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பெற்றது.

இணையத்தின் தொடக்க காலத்தில், அதனோடு இணைந்த கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே பட்டியலில் எழுதப்பெற்று, அமெரிக்காவின் இசுடான்போர்ட் ஆய்வு நிறுவனத்திற் பேணப்பட்டன. கணினிகள் பெருகப் பெருக, அப்பட்டியலைப் படியெடுத்து மாளவில்லை. குறிநூலைக் கப்பல்தோறும் சேர்ப்பிக்க வேண்டியிருந்த பழைய இடர்ப்பாடே இங்கும் தலைகாட்டிற்று. 1983இல் போல் மொக்கபெட்ரிசு வகுத்த களப்பெயர் முறை, பட்டியலைக் கிளைகளாகப் பிரித்து, ஒவ்வொரு கிளையின் பொறுப்பையும் அதற்குரியாரிடம் விட்டது. இலங்கைக்குரிய 'எல்கே' என்னும் கிளை 1990இற் பதிவாயிற்று. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தாரே அதனைத் தொடங்கி வைத்தனர். ரிம் பேணர்சு லீ என்பார் வகுத்த வலைமுகவரி, 1994ஆம் ஆண்டு திசெம்பரில் முறைப்படியான இலக்கணம் பெற்றது. எம்முறையில் அழைப்பது, எந்த வழங்கியை அழைப்பது, அதனுள் எப்பாதையிற் செல்வது, என்ன வினவுவது என நான்கு உறுப்புகளைக் கொண்டது அது. 1995இல் வந்த மற்றொரு வரைவு, சார்முகவரி என்பதையும் இலக்கணப்படுத்திற்று. அதாவது, வழங்கியின் பெயரை விடுத்துப் பாதையை மட்டும் எழுதி, இருக்குமிடத்தைக் கொண்டு எஞ்சியதைத் தேர்ந்துகொள்ளலாம். ஊரின் பெயரைக் கூறாது, 'கோயிலுக்கு மேற்கே மூன்றாம் வீடு' என்பது போன்றதே அது. எந்த ஊரினன் கேட்கின்றானோ, அந்த ஊர்க் கோயிலே பொருளாகும்.

ஆயினும், சேவைகளைப் பொறுத்தமட்டில் இது போதவில்லை. பக்கத்தைப் படிக்கும் மனிதன் முகவரி பிழையாயின் வேறொன்றைத் தேடுவான். பொறியைப் பொறி அழைக்குமிடத்து, முகவரி மட்டுமன்றி, எதை அனுப்ப வேண்டும், எது திரும்ப வரும் என்பனவும் எழுத்தில் இருத்தல் வேண்டும். 2001ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிவந்த வலைச்சேவை விவரிப்பு மொழி இக்குறையை நிரப்ப முயன்றது. அதனை ஆக்கிய நால்வருள் ஒருவர் இலங்கையரான சஞ்சீவ வீரவரண. சேவை யாது என்பதை ஒரு பகுதியிலும், அது எங்கே உள்ளது என்பதை வேறொரு பகுதியிலும் வைத்தது அம்மொழி. பொப்பத்தின் நூல் பொருளையும் கொடியையும் பிரித்ததுபோல, இது சேவையின் வடிவத்தையும் அதன் இருப்பிடத்தையும் பிரித்தது. அம்மொழி எழுதுதற்கும் படித்தற்கும் சுமையானது என்பதும், பிற்காலத்தார் பெரும்பாலும் எளிய முறைகளை நாடினர் என்பதும் மறைக்க வேண்டுவன அல்ல. ஆயின், அப்பிரிவு நிலைத்தது.

2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாட் காலையில் ஆழிப்பேரலை கீழைக்கரையைத் தாக்கியது. இலங்கையில் மாண்டோரும் காணாமற் போனோரும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர். திருக்கோணமலை மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் பேர். கிண்ணியா மருத்துவமனை அழிவுற்றது. மூதூரிலும் நிலாவெளியிலும் குச்சவெளியிலும் வீடிழந்தோர் பள்ளிகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தங்கினர். பிள்ளையைத் தேடும் தாய் ஒரு முகாமில், பிள்ளை வேறொரு முகாமில் இருந்த நாட்கள் அவை. முகாம் ஒவ்வொன்றிலும் பெயர்ப்பட்டியல் இருந்தது. ஆயின், ஒரு பட்டியல் மற்றொரு பட்டியலை அறியாது.

அவ்வேளையில், 2003இல் நிறுவப்பெற்ற இலங்கை மென்பொருள் நிறுவகத்தைச் சூழ்ந்து நின்ற கணினித் தொண்டர்கள், 'சகன' என்னும் செயலியைச் சில நாட்களிலேயே ஆக்கத் தொடங்கினர். சகன என்பது நிவாரணம் எனப் பொருள்படும் சிங்களச் சொல். கொழும்பிற் செயற்பட்ட தேசிய நடவடிக்கை நிலையத்தில் அது பயன்படுத்தப்பட்டது. காணாமற் போனோர் பதிவேடு, தொண்டு நிறுவனங்களின் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, வேண்டுகோள்களைக் கையாளும் பதிவேடு என அது பல கூறுகளாக அமைந்தது. பலர் விரைந்து கூடி ஆக்கும் செயலி கூறுகளாகப் பிரிந்தே அமைய இயலும். ஒவ்வொரு குழுவும் தன் கூற்றைத் தனியே முடித்தல் வேண்டுமன்றோ? சிக்கல் தொடங்குவதும் அவ்விடத்திலேயே. காணாமற் போனோர் பதிவேட்டில் ஒருவரைப் பார்ப்போன், அவர் தங்கும் முகாமின் விவரத்தைக் காண விழைவான். ஆகவே, ஒரு கூறு மற்றொரு கூற்றின் முகவரியை அறிந்திருத்தல் வேண்டும்.

சுவீடன் நாட்டு உதவியோடு செயலி பின்னர் அடியோடு புதுக்கி எழுதப்பட்டது. அதன்கண் அமைந்த முகவரி முறை எளியதாயினும் கருத்திற் கொள்ளத்தக்கது. எல்லா அழைப்புகளும் ஒரே வாயிலின் வழியே புகும். வாயிலிற் கேட்கப்படுவன இரண்டு: எந்தக் கூறு, எந்தச் செயல். காணாமற் போனோர் பதிவேட்டுக்கு 'எம்பிஆர்' என மூன்று எழுத்து. முகாம் பதிவேட்டுக்கு 'சிஆர்' என இரண்டு எழுத்து. வேண்டுகோட் பதிவேட்டுக்கு 'ஆர்எம்எசு'. கூற்றின் குறியையும் செயலின் பெயரையும் சேர்த்து, அவற்றின் வழியே நிரலினுள் இயங்க வேண்டிய பகுதியின் பெயரை வாயில் தானே அமைத்துக்கொள்ளும். எனவே, முகவரி வேறு, நிரற்பெயர் வேறு என இரண்டு பட்டியல்கள் வைத்துப் பேண வேண்டுவதில்லை. திரையிற் காணும் தலைப்புகளையும் சொற்களையும் வேண்டிய மொழிக்கு மாற்றலாம். மூன்றெழுத்துக் குறி மாறாது. கப்பற்கொடியிற் கண்ட முறையே ஈண்டும் காணப்படுகின்றது.

இதன் குறையும் கூறப்பட வேண்டும். முகவரியும் நிரற்பெயரும் ஒன்றேயாயின், நிரலைத் திருத்தி எழுதும்போதெல்லாம் முகவரியும் மாறும் இடர் உண்டு. வெளியாரிடம் கொடுத்துவிட்ட முகவரியை உள்வீட்டு ஒழுங்குக்காக மாற்றுதல் முறையன்று. 1998இல் பேணர்சு லீ எழுதிய சிறு கட்டுரையொன்று, நல்ல முகவரி மாறாதது என்பதையே வற்புறுத்திற்று. கோப்பின் பெயரையும், நிரல்மொழியின் பெயரையும், அலுவலர் பெயரையும் முகவரியில் ஏற்றுவோர், அவை மாறும் நாளில் முகவரியையும் இழப்பர் என்பது அவர் கருத்து. சகனவின் அடுத்த தலைமுறையான 'ஈடன்', பைதன் மொழியில் எழுதப்பட்டது. 2010இல் ஐற்றி நிலநடுக்கத்தின்போது பயன்பட்டது. அதில் முகவரி வினையைச் சாராது பொருளைச் சார்ந்து அமைந்தது. முதலிற் கூறு, அடுத்துப் பொருள், அதன்பின் அப்பொருளின் எண், எனப் பாதை இறங்கிச் செல்லும். அதே பாதையின் ஈற்றிற் சிறு விகுதி ஒன்றைச் சேர்ப்பின், அதே விவரம் மனிதர் படிக்கும் பக்கமாக அன்றிப் பொறி படிக்கும் வடிவில் வரும். ஆக, மனிதருக்கு ஒரு முகவரியும் பொறிக்கு வேறொரு முகவரியும் எனப் பேண வேண்டிய தொல்லை ஒழிந்தது.

முகவரிகளைப் பொதுவில் வைத்தல் என்பதைப் பற்றி நிரலாளரிடையே இரு கொள்கைகள் நிலவுகின்றன. அழைக்கும் கூறுகளும் அழைக்கப்படும் கூறும் பொதுவாகப் பார்க்கும் சிறிய கூறு ஒன்றை அமைத்து, முகவரிப் பாதைகள் அனைத்தையும் அதன்கண் மட்டும் எழுதி வைத்தல் ஒரு கொள்கை. ஒரே தொடரை ஐந்து கூறுகளில் ஐந்து முறை எழுதி வைப்பின், ஒன்று மாறும் நாளில் நான்கு பழையனவாய் நிற்கும். பொதுக் கூற்றில் ஒருமுறை எழுதின் அப்பிழைக்கு இடமில்லை. ஆயின், அப்பொதுக் கூற்றினுள் முகவரியும், அனுப்பும் பொருளின் வடிவமுமே இருத்தல் வேண்டும். சேவையை ஆற்றும் நிரல் அதனுட் புகுதலாகாது. புகுந்தால், முகாமின் முகவரியை மட்டும் வேண்டி வந்த கூறு, முகாம் பதிவேட்டின் உள்வேலை முழுவதையும் தன் தோளிற் சுமக்க நேரும். குறிநூலைப் பெற்ற கப்பல், கரையிலுள்ள மருத்துவரையும் உடன் ஏற்றிச் செல்ல வேண்டுவதில்லை.

மற்றக் கொள்கை, 2000ஆம் ஆண்டு ரோய் பீல்டிங் என்பார் தம் ஆய்வேட்டில் விளக்கிய முறையைச் சார்ந்தது. அதன்படி, அழைப்போன் நுழைவாயிலின் முகவரி ஒன்றை மட்டும் அறிந்தாற் போதும். அடுத்துச் செல்ல வேண்டிய முகவரிகளை வழங்கியே ஒவ்வொரு மறுமொழியிலும் இணைப்பாகத் தரும். பொதுநூலே வேண்டுவதில்லை, ஆகவே, பழைய பதிப்பு, புதிய பதிப்பு என்னும் குழப்பமும் இல்லை. கொள்கையளவில் இது உயர்ந்ததே. ஆயினும், ஒவ்வோர் அடிக்கும் வழங்கியைக் கேட்டே நடக்க வேண்டியிருத்தலின், தொடர்பு அறுந்து அறுந்து வரும் இடத்தில் இது தளர்ச்சியுறும். பேரிடர்க்காலத்துக் கரையோர ஊர்கள் அத்தகைய இடங்களே. பொதுநூல் முறையைப் பழமை எனத் தள்ளிவிடுதல் இயலாது.

தொடர்பு அறுதல் என்பதனோடு, முகவரியின் முற்பகுதியைப் பிரித்து வைத்தலின் அருமையும் புலப்படும். சகன சிறு மடிக்கணினி ஒன்றிலும் இயங்கவல்லதாய் அமைந்தது. தலைநகர் வழங்கியோடு தொடர்பில்லாத முகாமில், அருகிலுள்ள மடிக்கணினியே வழங்கியாகலாம். அப்பொழுது வழங்கியின் பெயர் மாறும்; பாதை மாறாது. வழங்கியின் பெயரையும் பாதையையும் ஒட்டி ஒரே தொடராகக் கூறுகள்தோறும் எழுதியிருப்பின், முகாமுக்கு எனத் தனியே ஒரு செயலியை எழுத நேரும். வழங்கியின் பெயரை ஒரு நிலையமைப்புக் கோப்பிலும், பாதையைப் பொதுக் கூற்றிலும் வைத்திருப்பின், கோப்பில் ஒரு வரியைத் திருத்தினாற் போதும். ஆய்வுக்கென வைத்த வழங்கிக்கும் உண்மை வழங்கிக்கும் இடையே மாறுதற்கும் இதுவே வழி. ஒத்திகைக்கு அனுப்ப வேண்டிய போலிப் பெயர்கள், காணாமற் போனோரின் மெய்ப்பதிவேட்டிற் சென்று படிந்தால் விளையும் துயரம் சொல்லுந் தரத்ததன்று.

பின்னர் அம்மடிக்கணினியின் பதிவுகளைத் தலைநகர்ப் பதிவுகளோடு சேர்க்க வேண்டும். இரண்டிலும் 'எண் 1' என ஒருவர் இருப்பார். இருவரும் வேறு வேறு மக்கள். ஆதலின், சகனவில் ஒவ்வொரு நிறுவலுக்கும் தனி முன்குறி ஒன்று கொடுக்கப்பெற்று, பதிவின் எண் அதனோடு சேர்ந்தே வழங்கிற்று. 2005இல் அமெரிக்காவைத் தாக்கிய கத்திரினா புயலின்பின் வகுக்கப்பெற்ற, ஆட்தேடற் செய்திகளைப் பரிமாறும் பொதுவடிவமும் இதே வழியைக் கைக்கொண்டது. பதிவு எந்த நிலையத்திற் பிறந்ததோ, அந்நிலையத்தின் களப்பெயர் முன்னும், அதன் உள்ளெண் பின்னுமாக ஆளின் குறி அமையும். அப்பதிவு எத்தனை நிலையங்களுக்குப் படியெடுத்துச் சென்றாலும், பிறந்த வீட்டின் பெயர் அதனோடு செல்லும். வானொலி அழைப்புக்குறியில் நாட்டின் முன்னெழுத்து செய்த வேலையை இங்குக் களப்பெயர் செய்கின்றது.

பொதுநூலைத் திருத்துதல் எப்படி என்பது எஞ்சிய வினா. 1803இல் எல்லாக் கப்பல்களுக்கும் புதிய ஓலை போக வேண்டியிருந்தது போல, பொதுக் கூற்றில் ஒரு பாதையை மாற்றின், அதனைச் சார்ந்த கூறுகள் யாவும் புதிதாய்க் கட்டி நிறுவப்பட வேண்டும். ஒன்று தப்பினும் அதன் அழைப்பு வெற்றிடத்திற் சென்று முட்டும். அதனினும் கொடியது, பழைய முகவரியில் வேறொரு பொருளை வைத்துவிடுதல். அப்பொழுது அழைப்போனுக்குப் பிழையென்னும் மறுமொழியும் வராது, பிழையான விவரமே வரும். ஆகவே, அறிவுடையோர் பழைய பாதையை மாற்றாது விட்டு, புதிய பொருளுக்குப் புதிய பாதை சேர்ப்பர். பெருமாற்றம் வேண்டின் பாதையின் முன்னே பதிப்பெண் இடுவர். பழைய பாதையை நாடி வருவோனைப் புதியதற்கு ஆற்றுப்படுத்தும் குறிப்பைச் சில காலம் வைத்திருப்பர். கடல்வழிப் படங்களிலும் ஒரு பெயர் மாறின், பழைய பெயரை அடைப்புக்குறியுட் காட்டும் வழக்கம் உண்டு.

இனி, தமிழருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. முகவரிப் பாதையில் ஊர்ப்பெயரைத் தமிழிலேயே எழுதிவிடலாகாதோ என்னும் எண்ணம் இயல்பே. எழுதலாம், ஆயின், வழியிற் செல்லும்போது தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று எண்ணாக விரிந்து, அவ்வெண் ஒவ்வொன்றும் விழுக்காட்டுக் குறியோடு கூடி மூன்று எழுத்தாகும். 'திருகோணமலை' என்பது இவ்வகையில் 90 எழுத்தாக நீளும். இடையே ஒற்று மிகுத்துத் 'திருக்கோணமலை' என எழுதின் 108 ஆகும். நீளம் ஒரு பொருட்டன்று. பொறி அதனைப் பொறுத்துக்கொள்ளும். ஒற்று மிகுதலும் மிகாமையும் ஒரே ஊருக்கு இரண்டு முகவரிகளைப் படைத்துவிடுதலே இடர்ப்பாடு. அதனினும் நுண்ணியது ஒன்றுண்டு. 'கோ' என்னும் எழுத்தில் உள்ள ஓகாரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் எழுதலாம்; ஏகாரக் கொம்பையும் காலையும் இரண்டு குறியீடுகளாக இட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பொறிக்கு, முன்னதாகவே ஒருமைப்படுத்தாவிடின், இரண்டும் வேறு. தட்டெழுதுவோர் இருவர் ஒரே சொல்லைப் பிழையின்றி எழுதியும், ஒருவர் எழுதிய முகாமை மற்றவர் காணமுடியாது போகலாம்.

கலைச்சொற்களைப் பொதுவில் வகுத்தலின் இன்றியமையாமையைத் தமிழுலகம் முன்னரே உணர்ந்திருந்தது. திருக்கோணமலை இந்துக் கல்லூரியின் வளர்ச்சிக்கு உழைத்த சுவாமி விபுலாநந்தர், 1930களிற் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கினார். ஒரு பொருளுக்கு நூலாசிரியர்தோறும் ஒரு சொல் வழங்கின் மாணவர் இடர்ப்படுவர் என்பதே அப்பணிக்கு ஏது. மாணவனாயினும் பல சொற்களை ஒப்பிட்டுப் பொருள் உணர்ந்துகொள்வான். பொறிக்கு அத்திறனும் இல்லை.

ஆதலின், முகவரிப் பாதையிற் பெயரை விடுத்துக் குறியை வைத்தலே பலரும் கண்ட வழி. இலங்கையின் மாவட்டங்களுக்கு எண்கள் உண்டு. கிழக்கு மாகாணத்தில் மட்டக்களப்பு 51, அம்பாறை 52, திருக்கோணமலை 53. அனைத்துலகத் தர நிறுவனத்தின் பட்டியலிலும் இவ்வெண்கள் இடம்பெற்றுள்ளன. தமிழன் திருக்கோணமலை என்றாலும், சிங்களவர் தம் வழக்கின்படி அழைத்தாலும், ஆங்கிலேயன் தன் நாவிற்கேற்பத் திரித்தாலும் 53 என்பது 53ஆகவே நிற்கும். துறைமுகத்துக்கும் இவ்வாறே ஐக்கிய நாடுகள் அவையின் பட்டியலில் ஐந்தெழுத்துக் குறி ஒன்று உண்டு. அதன் முதலிரண்டு எழுத்தும் இலங்கையைக் குறிப்பன.

பெயருக்கு முகவரியில் இடமே இல்லை என்பதன்று. மனிதர் நினைவிற் கொள்ளவேண்டிய வாயிலில் அதற்கு இடமுண்டு. 2010ஆம் ஆண்டில் '.இலங்கை' என்னும் தமிழ்க் களப்பெயர், அதற்கிணையான சிங்களக் களப்பெயரோடு ஒருங்கே உலகப் பட்டியலில் ஏறிற்று. அப்பெயரால் ஒரு தளத்தைத் தேடிச் செல்வோன் வாயிலைத் தமிழிலேயே தட்டலாம். வாயிலுக்கு அப்பால், ஒரு கூறு மற்றொரு கூற்றை 53 என்னும் எண்ணால் அழைத்துக்கொண்டிருக்கும்.